இல்லாத இடத்தில் ஊறிய பால்

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது என் இடது மார்பில் பால் குடிக்க மறுத்தாள். வாயை வைப்பாள், இரண்டு முறை உறிஞ்சுவாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். வலது பக்கம் மாற்றினால் சத்தமில்லாமல் குடிப்பாள். பிடிவாதம் என்று நினைத்து ஒருநாள் அவள் தலையைப் பிடித்து அழுத்தக்கூடச் செய்தேன். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், என் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்ததை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டது அவள்தான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சுதந்திரம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருக்கும். என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் கயிறும் தாரும் பாய்த்துணியும் விற்கும் கடை வைத்திருந்தார். ராயபுரத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு. அடுத்த அறையில் ஒரு மீனவக் குடும்பம். வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டுக்காரி என்னைவிட இரண்டு வயது பெரியவள். என் கணவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் என்னை அண்ணி என்பாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது, என் மகளைவிட ஒரு மாதம் இளையது.

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் அவளிடம்தான் முதலில் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "பால் கட்டிக்கினு கீது அண்ணி. வெந்நி ஒத்தடம் குடு, கரைஞ்சிடும்" என்றாள். ஒரு மாதம் ஒத்தடம் கொடுத்தேன். கரையவில்லை. தோல் கிச்சிலிப்பழத் தோலைப் போலக் குழி குழியாக ஆனபோது அவளே என் கணவரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நாளில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மார்பை மட்டுமல்ல, அதற்கு அடியிலிருந்த சதையையும், அக்குளுக்குள் இருந்ததையும் சேர்த்து. அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுப்பார்கள்.

வலது பக்கத்துப் பாலும் வற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு ஐந்து முழம் மல்லிகை வாங்கி வந்து, அதைச் சுருட்டி வலது மார்பின் மேல் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். மல்லிகை வைத்துக் கட்டினால் பால் நின்றுவிடும் என்பார்கள். ஒரு பக்கம் மருந்துக் கட்டு, ஒரு பக்கம் பூக்கட்டு. மூன்று நாள் அந்தப் பூ என் மேலேயே வாடிப் பழுத்தது. பாலும் மல்லிகையும் புளித்த அந்த வாடை இன்றைக்கும் எங்கிருந்தாவது வரும். அதற்குப் பிறகு நான் மல்லிகை வைத்துக்கொண்டதில்லை.

நான்காம் நாள், கட்டு மாற்ற வந்த ஆயாவிடம், "எடுத்தத எங்க போட்டாங்க?" என்று கேட்டேன்.

"அத்த இன்னாத்துக்கு நீ கேக்கறே? போனது போச்சு" என்றாள் அவள்.

"இல்ல, எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எரிச்சுடுவாங்கோ."

அதற்குள் பால் இருந்தது என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. குழந்தை வேண்டாம் என்று ஒதுக்கிய பால். அதையும் சேர்த்து எரித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு புகைபோக்கி இருந்தது. எதற்கானது என்று எனக்குத் தெரியாது. வீடு திரும்பும்வரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுக்கவில்லை.

அடுத்த கட்டிலில் வண்ணாரப்பேட்டை அக்கா இருந்தாள். ஜவுளி வியாபாரியின் மனைவி, நாற்பது வயதிருக்கும். எனக்கு முந்தின வாரம் அவளுக்கு வலது பக்கம் எடுத்திருந்தார்கள். கட்டு பிரித்த பிறகு எங்கள் இருவரையும் சுவரோரம் நிற்க வைத்து, கையை மேலே தூக்கப் பழக்கினார்கள். விரல்களை நண்டு மாதிரி சுவரில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தோள் கிழிந்துவிடும் போல வலிக்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "தங்கச்சி, உன்னோட நண்டு இன்னும் கீயவே நிக்குது பாரு, என்னோடது மோட்டுக்கே போயிடுச்சு" என்பாள். வார்டே சிரிக்கும். அவளுக்கு நல்ல குரல், நீர் ஓடுவது மாதிரி. சாயந்திரங்களில் மெதுவாகக் குர்ஆன் ஓதுவாள். அந்தக் குரல் அப்படித்தான் இருந்தது என்று எனக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரலை இப்போது என்னால் கேட்க முடிவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. அழுத குழந்தையைத் தூக்கித் தன் குழந்தையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஊரிலிருந்து உதவிக்கு வந்திருந்த என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குழந்தை புட்டிப்பாலைத் துப்பியதும் பேசாமல் இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம், பொதுக் குழாயடியை ஒட்டிய நடையில் அவள் உட்கார்ந்து என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் சாய்ந்திருந்தேன். குழந்தை உறிஞ்ச ஆரம்பித்த அதே நொடியில் என் இடது மார்பில் பால் இறங்கியது.

பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். முதலில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு கூச்சம், பிறகு உள்ளே எதுவோ இழுத்துக்கொண்டு நிறைந்து கீழே வரும். அதேதான். எங்கே முலைக்காம்பு இருந்ததோ அங்கே ஈரம்கூடத் தெரிந்தது. சட்டென்று கையை வைத்து ரவிக்கையைப் பார்த்தேன். காய்ந்த துணி. அதற்கு அடியில் கட்டு. கட்டுக்கு அடியில் விலா எலும்பு.

"இன்னா அண்ணி, வலிக்குதா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

வலது பக்கம் பத்து நாளில் வற்றிவிட்டது. இல்லாத பக்கம்தான் வற்றவில்லை. அவள் என் மகளை எடுக்கும்போதெல்லாம் வந்தது. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்பார். என் கணவரிடம் சொல்லலாம் என்றால், அவர் என் முகத்தைப் பார்த்தே பேசாத நாட்கள் அவை. காலையில் காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். நான் நிமிர்வதற்குள் செருப்பை மாட்டியிருப்பார். மாமியாருக்கு உள்ளறையை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி முன்னறையில் படுத்துக்கொண்டார். ஒரு பக்கம் வெட்டிப்போட்ட உடம்பைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

புண் ஆறியதும் கரண்டு வைக்க வரச்சொன்னார்கள். எக்ஸ்ரே சிகிச்சையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள், ட்ராமில் போய் வர வேண்டும். முதல் நாள் என் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டுக் கட்டம் கட்டினார்கள். அது அழியக்கூடாது, அந்தப் பக்கம் தண்ணீர் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பிறகு ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் என்னைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய் கனமான கதவைச் சாத்திக்கொண்டார்கள். உறுமல் சத்தம் மட்டும். வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. எல்லோரும் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிகிற ஒன்று, என் மேல் மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் வாரத்தில் தோல் சிவந்தது. மூன்றாம் வாரத்தில் தீய்ந்த தோசை மாதிரி கறுத்தது. பிறகு உரிந்து நீர் வடிந்தது. கத்திரி வெயில் வேறு. உடம்பெல்லாம் வியர்க்கும், குளிக்க முடியாது. வலது பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வேன். வாயில் எந்நேரமும் செப்புக் காசை வைத்துக்கொண்ட மாதிரி ஒரு ருசி. எங்கள் சந்தில் காலையிலிருந்து மாலைவரை மீன் வாடை இருக்கும். பத்து வருஷமாக அது எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது அது உள்ளே நுழைந்து வயிற்றைப் புரட்டியது. ஒருநாள் ட்ராமில் தாங்க முடியாமல் என் முந்தானையிலேயே வாந்தி எடுத்து, அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ராயபுரம்வரை வந்தேன். எதிரே இருந்தவர்கள் மாசமாக இருக்கிறாள் என்று நினைத்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

கரண்டு அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எங்களைத் தவிர யாரும் இல்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "தங்கச்சி, ஒண்ணு சொல்வேன். பைத்தியக்காரின்னு சொல்லக்கூடாது" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"எனக்கு அது அரிக்குது."

"எது?"

"எடுத்தாங்களே, அதுதான். முன்ன எங்க இருந்துச்சோ அங்கயே நிக்குது. அரிக்குது. கைய வெச்சா ஒண்ணும் இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "எனக்குப் பால் சுரக்குது அக்கா."

அவள் சிரிக்கவில்லை. பதறவுமில்லை. "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். குழந்தை அழும்போது என்றேன். "அப்பிடியா" என்று தலையாட்டினாள், உலகத்தில் எல்லோருக்கும் நடப்பதைச் சொன்ன மாதிரி. அதுவரை மூன்று மாதம் ஒரு பேயைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். அன்றைக்கு அதில் பாதியை அவள் வாங்கிக்கொண்டாள்.

அவளுடையதை எரிக்கவில்லையாம். அவள் கணவர் டாக்டரிடம் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார். அவர்கள் வழக்கம் அது. "நான் கொஞ்சம் முந்திக்கினு மண்ணுக்குப் போயிட்டேன்" என்றாள். "இப்ப அங்க கெடந்து அரிச்சா யாரு போயி சொறியறது, சொல்லு." இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு குலுங்கினால் உரிந்த தோல் எரியும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியே போக வர ரவிக்கைக்குள் ஏதாவது வைக்க வேண்டியிருந்தது. இலவம்பஞ்சை உருட்டித் துணியில் தைத்து வைத்தேன். கனமில்லாததால் நடக்க நடக்க அது கழுத்துக்கு ஏறிவரும். கனத்துக்காகக் கம்பு தானியம் போட்டுத் தைத்தேன். வியர்வையில் ஊறி நாலாம் நாள் ஒரு மாதிரி நாற்றம் வந்தது. பிரித்துப் பார்த்தால் கம்பெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தது. என் நெஞ்சின் மேல் பயிர் முளைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி போய்த் தன் புருஷனின் பழைய வலையிலிருந்து நாலு ஈயக்குண்டுகளை அறுத்துக்கொண்டு வந்தாள். வலை தண்ணீருக்குள் இறங்குவதற்காகக் கட்டுகிற குண்டுகள். பஞ்சுக்கு நடுவில் அவற்றை வைத்து அவளே தைத்துக் கொடுத்தாள்.

"இப்ப போட்டுக்கினு நட. ஏறுதா பாக்கலாம்."

ஏறவில்லை. பல வருஷம் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

கரண்டு முடிந்த இரண்டு மாதத்தில் இடது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, அப்புறம் தோள்வரை. அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். தண்ணீரில் ஊறிய வடக்கயிற்றைத் தோளில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. கையில் எட்டுப் பச்சைக் கண்ணாடி வளையல்கள். அவை சதைக்குள் புதைந்து, ஒருநாள் காலையில் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தோம், விளக்கெண்ணெய் போட்டுப் பார்த்தோம். நகரவில்லை.

"உடைச்சாத்தான் ஆவும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏளா, வாய மூடு" என்று மாமியார் கத்தினார். "புருசன் குத்துக்கல்லு மாதிரி நிக்கையில வளையல உடைக்கதா? என் மகனுக்கு ஆவாது."

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மளமளவென்று வெளியே போய்விட்டார். பொத்தான்கூடப் போடவில்லை.

"கை அய்கிப் போச்சின்னா ஆஸ்பத்திரில கையையும் வெட்டுவாங்கோ. அப்பறம் இன்னாத்துல போடறது வளையலு?" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அவள் பாக்குவெட்டியை எடுத்தாள். ஈரத்துணியை உள்ளே நுழைத்து, ஒவ்வொன்றாக நொறுக்கினாள். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தாலியறுத்த வீட்டில் அழுவது போலவே அழுதார். எட்டாவது உடைந்ததும் கைக்குள் மறுபடி ரத்தம் ஓடி விரல்கள் சூடானது தெரிந்தது. தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளை அவள்தான் பெருக்கி அள்ளினாள். நான் என்னை ஒரு விதவையாக, ஆனால் யாருக்கு என்று தெரியாத விதவையாக உணர்ந்தேன்.

இவ்வளவும் செய்தவளுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தவள் என்னைத் தாண்டி நடந்துபோய், பக்கத்து அறை வாசலில் நின்று "ம்மா" என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே தூக்கி மார்பில் வைத்தாள். எனக்கு இல்லாத இடத்தில் பால் பொங்கியது. கை கனத்தது, தோல் எரிந்தது. எழுந்து போய்க் குழந்தையை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன்.

"இனிமே என் பிள்ளையத் தொடாத. மீன் நாத்தம் புடிச்ச பாலு" என்றேன்.

நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குழந்தை டின் பாலைத் தொடவில்லை. அன்றைக்கெல்லாம் அழுதது. மறுநாள் காலையில் உடம்பு சுட்டது. மாமியார் அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். வலது பக்கம் கொடுத்துப் பார்த்தேன், வறண்ட காம்பைக் கடித்துவிட்டு வீறிட்டாள். அவள் அழ அழ இடது பக்கம் சுரந்துகொண்டே இருந்தது. அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரவிக்கையை அவிழ்த்து, அவள் வாயை அந்தக் கறுத்த தோலின் மேல் வைத்தேன். அவள் அழுகையை நிறுத்தினாள். உதட்டால் தேடினாள். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வயதுக் குழந்தையின் பார்வைதான் அது. ஆனால் அதன் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. நான்தான் முதலில் ஓவென்று அழுதேன்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து, என் மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"நீ பேசனத நான் மறக்க மாட்டேன்" என்றாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "கொயந்த இன்னா பண்ணுச்சு, பாவம்."

"தப்புதான். மன்னிச்சிரு" என்றேன்.

அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். என் மகளுக்கு இரண்டு வயது ஆகும்வரை அவள்தான் பால் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்தாள், என் துணிகளைப் பிழிந்து கொடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. "இந்தாம்மா" என்பாள். அவர்கள் திருவொற்றியூர்ப் பக்கம் வீடு மாறிப் போன அன்றைக்கும், "வர்றேம்மா" என்றுதான் சொன்னாள்.

அதற்கு அடுத்த வருஷம், மாதாந்தரப் பரிசோதனைக்கு அக்கா இரண்டு தடவை வரவில்லை. வண்ணாரப்பேட்டையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு என்று சொல்லியிருந்தாள். விசாரித்துக்கொண்டு போனேன். அவளுடைய மகள், பத்து வயதுப் பெண், கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஓடினாள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "யாரது?" என்றது.

வீட்டுக்காரர் இருக்கிறார் போல என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"உள்ள வா தங்கச்சி. நான்தான்" என்றது அந்தக் குரல்.

கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். முக்காட்டை மோவாய்வரை இழுத்து மூடியிருந்தாள். நோய் எலும்புக்குப் போய்விட்டதாம். புதிதாக வந்திருக்கும் ஓர் ஊசி போடுகிறார்களாம், ஆண்களின் உடம்பில் ஊறுகிற சத்தாம் அது. வலி குறைந்திருக்கிறது. ஆனால் குரல் உடைந்து தடித்துவிட்டது. முக்காட்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். மோவாயில் முடி முளைத்திருந்தது.

"கண்ணாடிய எடுத்துட்டாங்க, அது பரவால்ல" என்றாள். "இந்தக் குரலத்தான் ஒண்ணும் பண்ண முடியல. இது எங்க வாப்பா குரலு. அவரு மவுத்தாகிப் பன்னெண்டு வருசம் ஆவுது. நான் வாயத் தொறந்தா அவரு பேசறாரு. ஓதவே பயமா கீது." முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டு, "என் பொண்ணு கிட்ட வர மாட்டேங்கறா" என்றாள்.

அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நீ பேசு தங்கச்சி" என்றாள். "எதுனா பேசு. பொம்பளக் குரல் கேட்டுக்கினு படுத்திருக்கேன்."

அன்றைக்குச் சாயந்திரம்வரை பேசினேன். என் மகள் செய்யும் சேட்டை, துறைமுகத்துக்கு வந்த கப்பல், ட்ராமை நிறுத்திவிட்டபிறகு பஸ்ஸில் படும் பாடு, எது வந்ததோ அதையெல்லாம். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. அவள் கணவர் வெளியே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு நாளாகிவிட்டது என்றார். "முன்ன வெச்ச எடத்துக்குப் பக்கத்துலயே வெச்சோம்மா" என்றார். எனக்குப் புரிந்தது. அவருக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சுவரில் நண்டு ஏற்றிச் சிரித்த அந்த முதல் குரலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வருவதில்லை. அவள் சொன்ன வார்த்தைகளெல்லாம் நினைவிருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் அந்தத் தடித்த குரல்தான் சொல்கிறது. நான் பார்த்தேயிராத, இறந்துபோன ஒரு மனிதரின் குரல்.

ஐந்து வருஷம் முடிந்தபோது டாக்டர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம், ஏதாவது இருந்தால் மட்டும் வாருங்கள் என்றார். நேராகக் கணவரின் கடைக்குப் போய்ச் சொன்னேன். கயிற்றுச் சுருளைக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே வைக்காமலே நின்றார். "வராண்டாம்னா சொன்னாக? நல்லாக் கேட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பட்டப்பகலில் கடையைச் சாத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமிருந்தது. ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூரில் இறங்கினோம். முகத்துவாரத்தின் பக்கம் மணலில் உட்கார்ந்தோம்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் பேசினார். கடலைப் பார்த்துக்கொண்டுதான்.

"உனக்குக் கட்டு பிரிச்ச அன்னைக்கு என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. ஒரு வருசம் இருந்தாப் பெருசுன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நடந்துரும்னு ஒரு இது." மணலை அள்ளி அள்ளிப் போட்டார். "உன் மொகத்தப் பாத்தாப் போதும், நீ போன பெறவு இந்த வீடு எப்படிக் கெடக்கும்னு தோணும். அதான் பாக்க மாட்டேன்."

அருவருப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். ஐந்து வருஷம் அந்த வீட்டில் நான் சமைத்தேன், துவைத்தேன், பிள்ளையை வளர்த்தேன். அவரோ செத்துப்போன ஒருத்தி நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "அம்மா ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தாக. பிள்ளைய வளக்க ஆள் வேணும்லா. அந்தப் பொண்ணு வீட்லயும் சரின்னுட்டாக. ஒரு வருசம் பொறுத்துப் பாத்தாக."

கடல் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

நான் கரண்டு அறையில் படுத்திருந்தபோது, வாந்தியை மடியில் கட்டிக்கொண்டு ட்ராமில் வந்தபோது, ஊரில் ஒருத்தி என் சாவுச் செய்திக்காகக் காத்திருந்திருக்கிறாள். அவள் கெட்டவளாக இருந்திருக்க வேண்டியதில்லை. காத்திரு என்று சொல்லியிருப்பார்கள், காத்திருந்திருப்பாள். தபால்காரன் வரும்போதெல்லாம் அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்.

ரயிலுக்குத் திரும்பும் வழியில் அவளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன வயது, படித்தவளா, ஏன் இரண்டாம் தாரத்துக்குச் சம்மதித்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம்.

"இப்ப எங்க இருக்கா?"

"அடுத்த வருசம் தூத்துக்குடியில குடுத்துட்டாக. ரெண்டு பிள்ளைன்னு அம்மா சொன்னாக."

"நல்லா இருக்காளாமா?"

"இருக்காளாம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. ரயில் வரும்வரை நடைமேடையில் நின்றோம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.